ஓட்டை போடத் தெரியாத குழந்தைவேலு

குழந்தைவேலு நம் வீட்டுக்குள் நுழைந்தால் நம்மைப் பார்க்க மாட்டார். இடது கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தைச் சுவரோடு ஒட்டவைத்து, வலது கண்ணால் சுவர் நெடுக ஒரு பார்வை விடுவார். காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நாம் நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான். "சன்னலுக்கு அங்குட்டு ஒரு தொப்பை விழுந்துருக்கு தம்பி. யாரு பூசுனா?" என்று என்னைக் கேட்டார். பத்து வருடத்துக்கு முன்னால் யார் பூசினார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? பதிலுக்குக் காத்திருக்காமல் காப்பியை வாங்கிக்கொண்டு, அந்தத் தொப்பை கண்ணில் படாத பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் எனக்கு அந்தத் தொப்பையைத் தவிர வேறு எதுவும் தெரிவதில்லை.

காரைக்குடியிலிருந்து அரியக்குடி போகும் வழியில் அவருடைய உறைப் பட்டறை இருக்கிறது. கிணற்றுக்குள் இறக்குகிற சிமெண்ட் உறை, கக்கூஸ் தொட்டிக்கான உறை, மாட்டுத் தொட்டி, துணி துவைக்கும் கல் எல்லாம் அங்கே வார்த்துக் காயவைத்திருக்கும். வயது ஐம்பத்தெட்டு. சர்க்கரை உண்டு, அதை மதிப்பதில்லை. சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கூழாங்கல் இருக்கும். ஈரச் சிமெண்டுப் பூச்சைக் கடைசியாக மெருகேற்றுவதற்கான கல் அது. பேசும்போது யோசனை வந்தால் அதை எடுத்துத் தொடையில் தேய்ப்பார். அவருடைய வேட்டிகள் எல்லாம் வலது தொடையில்தான் முதலில் நைந்துபோகின்றன என்பது அவர் மனைவி பொன்னுத்தாயியின் நிரந்தரப் புகார்.

மண்ணுக்கடியில் பத்தடி ஆழத்தில் புதையப்போகிற கக்கூஸ் உறைக்குக்கூட உள்ளும் புறமும் சிமெண்ட் பால் பூசித் தேய்த்துத்தான் கொடுப்பார். "இத யாருண்ணே பாக்கப் போறா?" என்று கேட்டேன்.

"நான் பாத்துட்டேன்ல."

மாட்டுத் தொட்டியும் அப்படித்தான். மாடு தண்ணீர் குடிக்கக் குனிந்தால் அடியில் அதன் முகம் அதற்கே தெரியும். "மாட்டுக்கு என்ன பொட்டா வைக்கப் போறாக?" என்பாள் பொன்னுத்தாயி. அவள் வாயில் பொட்டு என்ற சொல் வந்ததுமே குழந்தைவேலுவுக்கு நெற்குப்பை என்ற ஊர் ஞாபகம் வந்துவிடும். வாலிபத்தில் நெற்குப்பையில் ஒரு பெரிய வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்தாராம். வேலை முடிந்த அன்று அந்த வீட்டு ஆச்சி வந்து, சுவரில் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டு போனார்களாம். இந்தக் கதையை நான் நான்கு முறை கேட்டுவிட்டேன். முதல் முறை ஆச்சி பொட்டை மட்டும்தான் சரிசெய்தார்கள். நான்காவது முறை தலையே வாரிக்கொண்டார்கள்.

கடல் என்று சொன்னால் மட்டும் மனிதர் முகத்தைச் சுளிப்பார். பட்டறையிலிருந்து கடற்கரை ஒரு மணி நேரத் தூரம். ஐம்பத்தெட்டு வருடத்தில் போனதில்லை. "உப்புத் தண்ணி தம்பி. கம்பிய அரிச்சுப்புடும். அங்குட்டு நமக்கென்ன வேலை?" என்று ஒரே வரியில் கடலை ஒதுக்கிவிட்டார். அப்படிப்பட்டவரைக் கடலே தேடிவந்தது.

தொண்டியைத் தாண்டி ஒரு மீனவக் குப்பம். அங்கே பழைய படகுத்துறையை இடித்துவிட்டுப் புதிதாகக் கான்கிரீட் சுவர் எழுப்பியிருந்தார்கள். பழைய துறை கருங்கல்லை அள்ளிக் கொட்டிக் கட்டியது. கல்லுக்குக் கல் இடுக்கு. குஞ்சு மீன்கள் பெரிய மீன்களுக்குப் பயந்து அந்த இடுக்குகளில் ஒளிந்து வளரும். புதுச் சுவரில் ஒளிய இடமே இல்லை. "இப்ப மொட்டச் சுவரு. குஞ்சு வரும், சுத்திப் பாக்கும், வீடில்லன்னு போயிரும்" என்பார் அந்தக் குப்பத்துச் சகாய ஆண்டனி. முப்பது வருடமாக அந்தத் துறையில் படகு கட்டுகிறவர்.

இதற்கு வழி கண்டுபிடிக்க வந்தவள் ஜெரினா. தேவகோட்டைப் பக்கத்து வாத்தியார் வீட்டுப் பெண். மீன்வளம் படித்து ஆராய்ச்சி செய்கிறாள். இரண்டடிச் சதுரத்தில் கான்கிரீட் பலகைகள் வார்த்து, அவற்றில் பெரிதும் சிறிதுமாக ஓட்டைகளும் பள்ளங்களும் விட்டு, துறைச் சுவரில் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே மாட்டுவது அவள் திட்டம். முதலில் பன்னிரண்டு பலகைகள். குஞ்சுகள் வந்து தங்கினால் சுவர் முழுக்க மாட்டலாம். அடுத்து அந்தக் கரையில் கட்டப்போகும் மூன்று துறைகளுக்கும் அதையே சொல்லலாம். ஆனால் அவளுக்குக் கிடைத்தது இரண்டு பருவம்தான். மழைக்காலம் ஓய்ந்து தண்ணீர் தெளியும் தை, மாசியில்தான் குஞ்சுகளை எண்ண முடியும். அதாவது இரண்டே இரண்டு வாய்ப்பு.

பலகை வார்க்க யாரைப் பிடிக்கலாம் என்று கேட்டவளுக்குச் சகாய ஆண்டனி, தன் வீட்டுக் கிணற்றைக் காட்டினார். இருபது வருடத்துக்கு முன் குழந்தைவேலு வேனில் ஏற்றி அனுப்பிய உறைகள். இன்றைக்கும் மயிரிழை விரிசல் இல்லை. இதைவிட வேறு என்ன சிபாரிசு வேண்டும்?

ஜெரினா ஒரு மாதிரிப் பலகையைக் கொடுத்து, "இதே மாதிரி பன்னெண்டு வேணும் அய்யா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் அக்காவுக்குப் பிரசவ நேரம், ஊரில் இருக்க வேண்டியிருந்தது.

குழந்தைவேலு மாதிரிப் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் முழுக்க ஓட்டை. இன்னொரு பக்கம் சொறி பிடித்தாற்போல் பொருக்கு.  "எந்தப் புண்ணியவான் வார்த்தானோ, சல்லிக்குள்ள சாந்தே எறங்கல. அந்தப் பிள்ளைய நல்லா ஏமாத்திப்புட்டானுக" என்று பொன்னுத்தாயியிடம் சொல்லியிருக்கிறார். மாதிரி என்றால் நீள அகலத்துக்கு என்றுதானே அர்த்தம்? பன்னிரண்டு பலகைகளையும் ஒரு ஊசித் துளை இல்லாமல் வார்த்தார். சிமெண்ட் பால் பூசினார். கூழாங்கல்லால் மூன்று நாள் தேய்த்தார். அதோடு விட்டாரா? மாதிரிப் பலகையின் ஓட்டைகளையும் சாந்து வைத்து அடைத்து, அதையும் மெருகேற்றி, "இதுக்குக் காசு வேணாம்னு சொல்லிரு" என்று வேன்காரரிடம் கொடுத்து அனுப்பினார்.

திட்டத்தின் விவரம் தெரியாத துறைக் கூலியாட்கள் ஐப்பசியில் அவற்றைச் சுவரில் மாட்டினார்கள். வந்ததைத்தானே மாட்ட முடியும்? பிறகு மழை, கலங்கல், புயல் எச்சரிக்கை. ஜெரினா தையில் வந்து தண்ணீருக்குள் கேமராவை இறக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மொட்டைச் சுவரின் மேல் பன்னிரண்டு மொட்டைப் பலகைகள். லேசாகப் பாசி படிந்திருந்தது. ஒரு குஞ்சு இல்லை.

பட்டறைக்கு வந்தவள் சத்தம் போடவில்லை. காயவைத்திருந்த ஓர் உறையின் விளிம்பில் உட்கார்ந்தாள். "நீங்க நல்ல வேலதான் செஞ்சிருக்கீக அய்யா" என்றாள். அதற்கப்புறம் அழுதுவிட்டாள்.

"திட்டிருந்தா திருப்பி ரெண்டு வார்த்த சொல்லிருப்பேன் தம்பி" என்றார் குழந்தைவேலு என்னிடம். "நல்ல வேலன்னு சொல்லிட்டு அழுவுது. அந்தப் பிள்ளையோட ஒரு வருசத்த நான் தின்னுபுட்டேன். இன்னும் ஒண்ணுதான் இருக்கு." கூழாங்கல்லைத் தொடையில் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நான் ஆறுதல் சொன்னேன். "நான் சறுக்கலயே. சறுக்காமத்தானே கெடுத்தேன்" என்றார். 

புதிதாகப் பதினொரு பலகை வார்த்துத் தருவதாகச் சொன்னார். பழைய பலகைகளில் ஒன்று மட்டும் சுவரிலேயே இருக்கட்டும், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றாள் ஜெரினா. அந்த ஒன்று அங்கே தொங்கிக்கொண்டிருப்பதை நினைத்து அவருக்குத் தூக்கம் போயிற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், மனிதருக்கு மோசமாக வேலை செய்யத் தெரியவில்லை. ஆடியில் தொடங்கினார். முதல் பலகையில் ஓட்டை போட்டார். ஓட்டைகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே இடைவெளி, நூல் பிடித்த வரிசை. ஒவ்வோர் ஓட்டையின் விளிம்பையும் பெருவிரலால் வழித்து விட்டிருந்தார். ஜெரினா பார்த்தாள். சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல், "அய்யா, இது மீன் இருக்கிற வீடு, பட்டாளக் கூடாரம் இல்ல. ஒண்ணு சுண்டுவெரல் போற மாதிரி, ஒண்ணு கை போற மாதிரி, கோணலும் மாணலுமா இருக்கணும்" என்றாள். சரி சரி என்று தலையாட்டினார். இரண்டாவது பலகையில் கோணலாகத்தான் போட்டார். ஆனால் அந்தக் கோணல்களும் இடது பக்கத்துக்கு வலது பக்கம் பொருத்தமாக வந்து, கோயில் வாசலில் வைக்கலாம் போலிருந்தது. மூன்றாவதைப் பொருக்காக விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். பாதி வழியில் திரும்பி வந்து தேய்த்துவிட்டார். நாய் வாலைத்தான் நிமிர்த்த முடியாது என்பார்கள். நிமிர்ந்த வாலை வளைக்கவும் முடியாது போலிருக்கிறது.

ஆவணி பிறந்தது. ஐப்பசிக்குள் பலகைகள் இறுகி, துறைக்குப் போய், சுவரில் ஏறியாக வேண்டும். பொன்னுத்தாயி ஒருநாள் காலையில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பட்டறைக்கு வந்து நின்றாள். முப்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவள் சாந்துச் சட்டியைத் தொட்டதில்லை, அவர் தொடவிட்டதில்லை.

"நீங்க கெளம்புங்க."

"எங்குட்டு?"

"திருக்கோஷ்டியூரு. பெருமாளப் பாத்துட்டு பொழுது சாயயில வாங்க. நீங்க இங்குட்டு இருந்தீகன்னா கை சும்மா இருக்காது."

குழந்தைவேலு பேருந்து ஏறினார். இதை அவர் சொல்லும்போது ஏதோ நாடு கடத்தப்பட்டவர்போல் சொல்வார். பொன்னுத்தாயி பட்டறை ஆட்களை வைத்துக்கொண்டு அச்சுகளுக்குள் நனைத்த சாக்கை விரித்தாள். வாழைத்தண்டைப் பருமனுக்கொன்றாக நறுக்கி இஷ்டத்துக்கு நிறுத்திக் கலவையைக் கொட்டச் சொன்னாள். தண்டு அழுகி விழுந்தால் அந்த இடம் ஓட்டை. மேல்பரப்பு ஈரமாக இருக்கும்போதே கல் உப்பைக் கைநிறைய அள்ளி இறைத்தாள். உப்பு கரைந்தால் பொடிப்பொடிப் பள்ளம். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "சொல்லிக் குடுக்கணுமா? சொவரு எதெதால கெட்டுப்போகும்னு இவுக முப்பது வருசமா பொலம்பிக்கிட்டுத்தான இருக்காக? அம்புட்டையும் செஞ்சேன்" என்றாள்.

அதற்குள் கோயிலிலிருந்து ஐந்து முறை போன் வந்துவிட்டது. அவள் எடுக்கவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தவர் பிரசாதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு அச்சுகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.  கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு போய், சாப்பிடாமல் படுத்துவிட்டார். மறுநாள் அந்தப் பதினொரு பலகைகளின் மேலும் ஒரு தார்ப்பாயை இழுத்து மூடினார். வெயில் படாமல் இருக்கவா என்று கேட்டேன். "பட்டறைக்கு நாலு பேரு வாராக. பாத்தா நம்ம வேலன்னு நெனச்சுருவாக" என்றார்.

மாசியில் ஒருநாள், 'குட்டி யானை' சரக்கு வண்டியில் அவரும் பொன்னுத்தாயியும் நானும் போனோம். கடலைக் கண்டதும் குழந்தைவேலு, "இம்புட்டுத்தானா?" என்றார். ஆனால் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். துறைக்குப் போனதும் பழக்க தோஷத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவர் நெடுகப் பார்வை விட்டு, "நல்லாத்தான் பூசியிருக்கான்" என்றவர், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஜெரினா எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தாள்.  இன்றைக்கு எண்ணிக்கை இல்லையென்றால் அவளுடைய இரண்டு வருடமும் போச்சு. துறைச் சுவர் மொட்டையாகவே நிற்கும். சகாய ஆண்டனி ஒரு நீளக் கம்பின் நுனியில் கேமராவைக் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினார். நாங்கள் ஐந்து பேரும் உள்ளங்கை அளவுத் திரையின் மேல் தலைகளை முட்டிக்கொண்டு நின்றோம்.

முதலில் வந்தது பழைய பலகை. மேலே பச்சையாகப் பாசி. ஜெரினா இரண்டு நிமிடம் பார்த்தாள். ஒன்றுமில்லை. தாளில் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டாள். குழந்தைவேலு திரும்பிக் கடலைப் பார்த்தார்.

கேமரா நகர்ந்தது. பொன்னுத்தாயியின் பலகை. முதலில் அங்கேயும் ஒன்றும் தெரியவில்லை. சிப்பிகள் அப்பியிருந்தன, பாசி அசைந்தது, அவ்வளவுதான். பொன்னுத்தாயி முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.  அப்போது ஓர் ஓட்டைக்குள்ளிருந்து ஒரு சின்ன மூக்கு வெளியே வந்தது. இரண்டு கண்கள். கேமராவை ஒரு பார்வை பார்த்துவிட்டு விருட்டென்று உள்ளே போய்விட்டது.

"களவாக் குஞ்சு!" என்றார் சகாய ஆண்டனி. "இந்தா, இங்குட்டு ஓரா மீனு. அடியில பாருங்க, அடியில, கூட்டமா நிக்குது!"

"ஆட்டாதீகண்ணே, எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றாள் ஜெரினா. முதல் பலகையில் பதினேழு. அவள் நம்பாமல் மறுபடி எண்ணினாள். பத்தொன்பது. அடுத்த பலகையில் இருபத்தாறு. பதினொரு பலகைகளையும் எண்ணி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. முடித்ததும் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பொன்னுத்தாயியின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"என்ன தாயி, நான் என்ன செஞ்சேன்? உப்ப அள்ளிப் போட்டேன்" என்றாள் பொன்னுத்தாயி. 

குழந்தைவேலு அதற்குள் துறை விளிம்பில் குப்புறப் படுத்திருந்தார். வெள்ளைச் சட்டையோடுதான். தலையைத் தண்ணீர்ப் பக்கம் தொங்கவிட்டு, வெறுங்கண்ணால் எதையாவது பார்த்துவிட முடியுமா என்று முயன்றுகொண்டிருந்தார். சர்க்கரைக்காரர் விழுந்துவைக்கப் போகிறார் என்று நான் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"தாயி," என்றார் ஜெரினாவிடம், தலையைத் தூக்காமலே, "அந்த வழுவழுப்ப இன்னும் எத்தன நாளைக்குத் தொங்கவிடுவ?"

"அதோட வேல இன்னைக்கோட முடிஞ்சுச்சு அய்யா. கழட்டிரலாம்."

சகாய ஆண்டனி இறங்கிக் கழற்றி, கயிறு போட்டு மேலே இழுத்தார். ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பாசியை வழித்துத் தள்ளினார். பதினாறு மாதம் கடலுக்குள் கிடந்த பலகை, வெயிலில் பளபளவென்று மின்னியது. சகாய ஆண்டனியின் முகம் அதில் தெரிந்தது. உண்மையைச் சொன்னால், அவ்வளவு அழகான சிமெண்ட் வேலையை நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை.

"அண்ணே, இத எனக்குக் குடுத்துருங்க. எங்க வீட்டு மாதா மாடத்துக்கு அடியில பதிச்சுக்கிறேன்" என்றார் சகாய ஆண்டனி.

குழந்தைவேலு எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு வண்டிக்குப் போனார். சுத்தியலும் உளியுமாகத் திரும்பி வந்தார்.

"ஏங்க, வேணாங்க," என்றாள் பொன்னுத்தாயி. "அழகா இருக்குங்க."

அவர் சப்பணமிட்டு உட்கார்ந்து பலகையை மடிக்கு நேராக இழுத்துக்கொண்டார். உளியை நட்டநடுவில் வைத்தார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராய், நடுவிலிருந்து சற்றுக் கோணலாக நகர்த்தி வைத்தார். முதல் அடியில் சில்லு தெறித்தது. நாலைந்து அடியில் குழி விழுந்தது. குனிந்து தூசியை ஊதிவிட்டு, சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பார்த்தார். பாதி விரல்தான் போயிற்று. ஜெரினாவை நிமிர்ந்து பார்த்து, போதாது என்று தலையாட்டிவிட்டு, மறுபடியும் சுத்தியலை ஓங்கினார்.